ரிமோட் பெரியப்பா

குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். எங்களுக்கு அவர் பெரியப்பா; உங்களுக்கு மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம். சட்டைப்பையில் இரண்டு பேனா, தோளில் துணிப்பை, அதற்குள் ஒரு யுனிவர்சல் ரிமோட். டி.வி. பார்ப்பதில் பிரியம் என்று நினைத்துவிடாதீர்கள். தலைப்புச் செய்தி முடிவதற்குள் தூங்கிவிடுவார். ஆனால் எந்த ஊரில், எவர் வீட்டில் டி.வி. ஓடினாலும் அதை அணைக்கிற அதிகாரம் தன் கையில் இருக்க வேண்டும்.

வீட்டில் ரிமோட்டுக்குப் பஞ்சமில்லை. டி.வி.க்கு, செட்டாப் பாக்ஸுக்கு, ஏ.சி.க்கு, புதிதாக மாட்டிய ஃபேனுக்கு என்று ஆளுக்கொன்று உண்டு. எல்லாம் வாங்கிய அன்றைய பாலிதீன் உறை கிழியாமல், ரப்பர் பேண்டு போட்டு, பீரோவில் பெரியம்மாவின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. “ஒரிஜினலைத் தேயவிட்டா திரும்பக் கிடைக்குமாடா?” என்பார். வெளியே நின்று உழைப்பது யுனிவர்சல் மட்டும்தான்.

அதை வாங்க அவர் ரிச்சி தெருவுக்குப் போகும் நாளில் துணைக்குப் போகிறவன் ஏதோ முன்வினை செய்தவன். கடைக்காரப் பையன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான்.

“சார், இது கோடு டைப். செட் பட்டனை அமுக்கிப் பிடிச்சு டி.வி.க்கு நேரா காட்டுங்க. அதுவா ஒவ்வொரு கோடா அனுப்பும். டி.வி. அணைஞ்சதும் விட்டுடுங்க. இன்னொண்ணு லேர்னிங் டைப். பழைய ரிமோட்டையும் இதையும் மூக்கோட மூக்கு வெச்சு, ஒவ்வொரு பட்டனா அமுக்கினா கத்துக்கும்.”

“பழைய ரிமோட் செத்துப்போயிருந்தா?”

“செத்த வாத்தியார் எப்படி சார் பாடம் எடுப்பார்?”

பெரியப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. உடனே என் போனை வாங்கி முன்பக்க கேமராவைத் திறந்து, ரிமோட்டின் நெற்றியை அதற்குக் காட்டிப் பட்டனை அமுக்கினார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் திரையில் ஊதாவாக மினுக்கியது. “நிமிஷத்துக்கில்ல தம்பி, செகண்டுக்கு முப்பத்தெட்டாயிரம் தடவை துடிக்குது. அதனாலதான் டி.வி. இதையும் டியூப்லைட்டையும் குழப்பிக்கிறதில்ல” என்று விற்கிறவனுக்கே வகுப்பெடுத்தார். பின்னால் நாலு பேர் காத்து நின்றார்கள். பில்லில் பத்து ரூபாய் குறைத்து எங்களை வழியனுப்பினான் பையன்.

அவருக்கு இந்த உலகத்தில் ஒரே விரோதி பென்சில் செல். தீர்ந்துபோன செல்லைக் கழற்றி உருட்டுவார், வெயிலில் வைப்பார், கடைசியில் கடித்தும் பார்ப்பார். 1956-இல் ஜெனித் கம்பெனிக்காக ராபர்ட் அட்லர் செய்த ரிமோட்டில் செல்லே கிடையாது. பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும்; நம் காதுக்கு எட்டாத அந்த ஓசையைக் கேட்டு டி.வி. சேனலை மாற்றிக்கொள்ளும். இதை ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மனிதகுலம் எங்கே வழிதவறியது என்று கேட்டால் இப்போதெல்லாம் அந்த ரிமோட்டைக் கைவிட்ட இடத்தைத்தான் சொல்கிறார்.

வெளியூர்ப் பயணம்தான் யுனிவர்சலுக்கு உண்மையான உத்தியோகம். பல் பிரஷ்ஷை மறந்தாலும் அதை மறக்க மாட்டார். போன முறை கும்பகோணத்தில் தங்கினோம். அங்கே ஏ.சி. மாட்டிய அறையையே நான்-ஏ.சி. வாடகைக்கும் தருவார்கள்; வித்தியாசம் ஒன்றுதான், ஏ.சி. ரிமோட் கவுண்ட்டரிலேயே இருக்கும். இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் பெரியப்பா முகத்தில் வந்த களையை நான் அவர் மகள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. நான்-ஏ.சி.க்கே பணம் கட்டினார். கதவைத் தாழிட்டார்.

“டி.வி. ரிமோட் தந்தி அடிக்கிற மாதிரி, சொல்றது ஒரு வார்த்தைதான். ஏ.சி. ரிமோட் ஒவ்வொரு தடவையும் முழு லெட்டரே எழுதும். எத்தனை டிகிரி, காத்து எவ்வளவு, கூலா டிரையா, எல்லாம் அதுல இருக்கும். அதனால கோடு சரியா அமையணும்” என்று பாடம் நடத்தியபடியே கட்டிலில் ஏறி நின்று ஒவ்வொரு கோடாகப் போட்டுப் பார்த்தார். அரைமணி நேரம் போயிற்று. வேர்த்துக் கொட்டியது. ஏ.சி. வாயைத் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் கவுண்ட்டருக்கு போன் போட்டார்.

“உங்க ஏ.சி. ரிப்பேரு சார்! ஆளை அனுப்புங்க.”

“நீங்க நான்-ஏ.சி. ஆச்சே சார். ரிமோட் இங்கதான இருக்கு, ரிப்பேர்னு எப்படிப் பாத்தீங்க?” என்றார் மேனேஜர். பெரியப்பா பேச்சில்லாமல் நிற்க, அவரே தொடர்ந்தார்: “உங்களை மாதிரி நிறையப் பேர் வர்றாங்க சார். அதான் எம்.சி.பி.யையே கீழ ஆஃப் பண்ணிடுறோம்.”

பெங்களூரில் மகள் வீட்டில் வேறு விதமான தோல்வி. அங்கே படம் வருவது டி.வி.யில் செருகிய குச்சி வழியாக, அதன் ரிமோட் பேசுவதோ புளூடூத். அகச்சிவப்பை எவ்வளவு நேரம் காட்டினாலும் சேனல் மாறவில்லை. “டி.வி.யா இது, ஒழுங்கா ஒரு சொல் பேச்சு கேக்காது” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முன்னதாகவே ஊர் திரும்பினார்.

ஆனால் எங்கள் தெருமுனை டீக்கடையில் அவர் கொடி இன்னும் பறக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே டி.வி.யில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் கை பைக்குள் போனது. ஐந்து பேரும் வாயசைத்தார்கள், சத்தமில்லை. கடைக்காரர் தன் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். அதில் செல் செத்து மாதக்கணக்காகிறது. செட்டாப் பாக்ஸைக் குத்தினார், கேபிள்காரரைத் திட்டினார், கடைசியில் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

“அண்ணே, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கொஞ்சம் பாருங்களேன்.”

பெரியப்பா எழுந்தார். டி.வி.யின் பின்னால் கையை விட்டு இரண்டு ஒயரை ஆட்டினார், கண்ணை மூடி யோசித்தார், மறு கையால் பைக்குள் ஒரு அமுக்கு அமுக்கினார். விவாதம் வெடித்துக்கொண்டு வந்தது.

“லூஸ் கனெக்‌ஷன். இப்பத்திக்கு சரி பண்ணியிருக்கேன், அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி போனாலும் போகும்” என்றார்.

டீக்குக் காசு வேண்டாம் என்றார் கடைக்காரர். பெரியப்பா ஒரு உளுந்துவடையும் எடுத்துக்கொண்டார்.