பட்டன அமுக்குறதுக்கு முந்தி

தம்பி, புள்ளைக்குப் போனுல மரியாதையாப் பேசச் சொல்லிக் குடுக்குறியாமே? பிளீசு, தேங்க்யூ எல்லாம் நடக்குதாம். நடக்கட்டும். மொதல்ல அந்தப் போனக் கீழ வச்சிட்டு என்னயப் பாரு.

2020 மார்ச்சுல கொரோனான்னு பள்ளிக்கூடத்தப் பூட்டுனாங்கல்ல, அப்பத்தான் இந்தப் போன் கூத்து முத்துச்சு. பாடம் வாட்சப்புல வந்துச்சு. தேயிலைத் தோட்டத்து லயத்துல ஏது சிக்னலு? புள்ளைக மலை உச்சிக்கு ஏறி நின்னுதான் பாடத்த எறக்குச்சுக. அதுகள நான் குத்தம் சொல்லல. பெத்ததுகளத்தான் சொல்றேன். டீச்சருக்கு வொய்ஸ் அனுப்பணும். ஆத்தாக்காரி பட்டன அமுக்கிப் புடிச்சிக்கிட்டே, "சொல்லித் தொலடி சனியனே, வாயில என்ன கொழுக்கட்டயா?"ங்கிறா. புள்ள, "குட் மார்னிங் டீச்சர்"ங்குது. ரெண்டும் சேந்தே போயிருச்சு. அட்டன்ல இருக்குற டீச்சருக்கு எது மொதல்ல கேட்டிருக்கும்?

எங்க காலம் தங்கமான காலமுன்னு சொல்லுவேன்னு பாக்குறியா? அட போடா. 1964ல இலங்கைப் பிரதமரு சிறிமாவும் இந்தியப் பிரதமரு சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, நம்ம ஆளுக 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு முடிவு கட்டுனாங்க. அண்ணன் தலைமன்னார்ல கப்பலேறி கோத்தகிரிக்குப் போனான், தங்கச்சி டிக்கோயாவுலயே நின்னுட்டா. நடுவுல கடுதாசிதான். லயத்துக் காம்பராவுக்குன்னு விலாசம் ஏது? தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்க கெடந்து, நாலு கை மாறித்தான் வரும். வராமப் போனதும் உண்டு. வந்தாலும் எழுதுனது ஒருத்தன், படிக்கிறது இன்னொருத்தன், காதக் குடுக்குறது பத்துக் காம்பரா. அதுல கண்டபடி ஏச முடியுமா? வயிறு எரிஞ்சாலும் "நலம், நலமறிய அவா"ன்னுதான் ஆரம்பிக்கணும். எங்களுக்குக் கொணம் ஒசத்தி இல்லடா தம்பி. பக்கத்துக் காம்பராவுக்குக் காது இருந்துச்சு, அம்புட்டுத்தான். இப்ப போர்வைக்குள்ள மூஞ்சப் பொதச்சிக்கிட்டு எவன எப்பிடி ஏசுனாலும் யாருக்குத் தெரியும்?

அதுக்காகத் தோட்டத்துத் தொரைக்குச் சலாம் போட்டதையும் மரியாதைன்னு எண்ணிக்கிறாத. அவரு "அடே"ம்பாரு, நாங்க கையக் கட்டி நிப்போம். அது பேரு பயம்.

நீயும் இப்ப அதத்தான செய்யிற? டீச்சருக்கு விடிஞ்சா ரோசாப்பூவும் குத்துவிளக்கும் அனுப்புற. "வணக்கம் மேடம்"ங்கிற. சாயந்தரம் மழையில நனஞ்சு, காலெல்லாம் அட்டக்கடியோட பெஞ்சாதி வாரா. அவ இடுப்புல கட்டுன படங்க அவுக்குறதுக்கு முந்தி, போனுலருந்து தலையத் தூக்காமலே, "தேத்தண்ணி எங்க?"ங்கிற. மூலையில ஒக்காந்திருக்குற புள்ள எதப் படிக்கும்? வாட்சப்புல வந்த பாடத்தையா, நீ நடத்துற பாடத்தையா?

பிளீசு தேங்க்யூவெல்லாம் நாளைக்குச் சொல்லிக் குடுக்கலாம். அவ வார நேரமாச்சு. எந்திரி, போயி அடுப்புல தண்ணிய வையி.