தைலமும் கீர்த்தியும்

புரோசார்டில் ரயிலேறி, சம்ப்ளேன் பாலத்தைக் கடந்தால், வீரர்களின் சிறுநீருக்குச் சாஸ்திரம் வகுத்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தலைமையகம் இருக்கும் மொன்றியல் வந்துவிடும். அந்நகரிலேயே ஜனித்த பேஸ்பால் வீரர் எரிக் கான்யே, 2003இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது பெற்று, 2007இல் பேஸ்பாலின் ஊக்கமருந்துப் பழக்கத்தை அம்பலப்படுத்திய மிட்செல் அறிக்கையில் அகப்பட்டாரென்பது ஸ்தல புராணத்தில் ஏறாத சங்கதி. 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸ், ஊக்கமருந்துப் பழியால், பேஸ்பால் கீர்த்தி மண்டபத்துக்கு வெளியே நிற்க, அந்த மருந்துக் காலத்தில் ஆணையராக வீற்றிருந்த பட் சீலிக்கோ 2017இலேயே உள்ளே பிரதிஷ்டையாகிவிட்டார்.

சனிக்கிழமைதோறும் மென்பந்து ஆடும் என் மைத்துனன், முழங்காலில் யாழ்ப்பாணத்துத் தைலத்தைத் தேய்த்தபடி, "இதுக்கும் தடை வருமோ, அத்தான்?" என்றான். பக்ஷபாதமின்றி முகர்ந்து பார்த்தேன்; ஓடப்போவது எதிரணிதான்.