உத்திரமேரூர் ஏரிக்கரைக் கோடுகள்: ஓர் ஆராய்ச்சி

1. நோக்கம்

ஓடுவதால் உடம்புக்கு வரும் நன்மைகளை மருத்துவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஓடி முடித்தவர், தாம் ஓடிய வழியை வாட்சிலும் செல்போனிலும் கோடாக விரித்து, பெருக்கி, சுருக்கி, மறுபடி பெருக்கிப் பார்த்து மகிழ்வதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அரை மணி ஓட்டத்துக்கு முக்கால் மணிப் பார்வை என்ற கணக்கில் இது நடக்கிறது. ஆகவே பார்ப்பதே பயிற்சி, ஓட்டம் அதற்கான முன்னேற்பாடு என்று கொள்வதே முறை. இதுவே நம் கருதுகோள்.

2. களம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர் இருக்க, உத்திரமேரூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாக, பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்க வைத்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையின் விதிகள் அவை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தலைகாட்ட முடியாது.

கேட்டும் கணக்குக் காட்டாதவர்களால் நொந்துபோன ஊர் என்பது இதனால் விளங்கும். இன்றோ யாரும் கேட்காமலேயே காலை ஆறரைக்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கணக்கு வந்துவிடுகிறது: இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடம், இத்தனை நாடித்துடிப்பு, கூடவே வரைபடம். ஆயிரத்து நூறு ஆண்டுகளில் இவ்வூர் கண்ட வளர்ச்சி இது.

3. முன்னோடிகள்

அளவைத் துறையில் நம் மாவட்டத்துக்கு மூப்பு உண்டு. காஞ்சியில் கோயில் கொண்டிருக்கும் உலகளந்த பெருமாள் மூன்றே அடியில் வேலையை முடித்தவர். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. பெருமாள் அந்தக் கருவியைக் கட்டியிருந்தால், மீதி 9,997 அடியை நடக்கச் சொல்லி அது அவரை நச்சரித்திருக்கும்.

பின்னால் வந்த ராஜராஜ சோழனின் அதிகாரிகள் நிலத்தை அளந்தபோது, 320-இல் ஒரு பங்கான முந்திரிக்கும் கீழே போய்க் கணக்கெழுதினார்கள். 1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். 57 நாள் ஆயிற்று. வாட்ச் மொழியில் சொன்னால் கிலோமீட்டருக்குச் சுமார் 6,800 நிமிடம். இந்த வேகத்தை லாம்டன் ஸ்டேட்டஸில் போட்டிருந்தால் ஒருவரும் கட்டைவிரல் தூக்கியிருக்க மாட்டார்கள்.

4. கருவியின் இயல்பு

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் சமிக்ஞையாவது கிடைத்தால்தான் வாட்ச் தன் இடத்தைக் கணிக்கும். இடத்துக்கு மூன்று; வாட்சின் கடிகாரப் பிழையைச் சரிக்கட்ட நான்காவது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கியது. அதற்கு முன் நூறு மீட்டர் வரை தவறும். கரையில் ஓடியவரின் கோடு ஏரிக்கு நடுவில் மிதந்திருக்கும். இப்போது திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் பிசகுதான். மரத்தடியிலும் சுவரோரத்திலும் சமிக்ஞை முட்டி மோதி வருவதால் அது கொஞ்சம் கூடும்.

5. கோட்டின் வகை

கோடு ஐவகைப்படும்.

முதலாவது, கரைக்கோடு. கல்வெட்டில் வயிரமேக தடாகம் எனப்படும் பெரிய ஏரியின் கரையை ஒட்டிச் செல்வது. ஐவகையிலும் உத்தமம்.

இரண்டாவது, நீர்க்கோடு. சமிக்ஞைப் பிசகால் கரையைவிட்டு விலகித் தண்ணீர்மேல் செல்வது. ஏரி நிரம்பிய காலத்தில் இதைப் பார்க்கும் தாய்மார்கள் பதறுவார்கள்.

மூன்றாவது, நாய்க்கோடு. வரைபடத்தில் அகப்படாது, வேகத்தைக் காட்டும் நிறத்தில்தான் அகப்படும். மந்தமாகப் போன கோடு ஒரு தெருமுனையில் திடீரென நிறம் மாறி, ஐம்பது மீட்டருக்கு வாழ்நாள் சாதனை படைத்துவிட்டுப் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

நான்காவது, டீக்கடை முடிச்சு. ஆள் உட்கார்ந்துவிட்டாலும் வாட்ச் தன் இடத்தைக் கணித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கணிப்பும் ஓரிரு மீட்டர் தள்ளி விழும். பெருக்கிப் பார்த்தால், குழந்தை சிலேட்டில் கிறுக்கியதுபோல் ஒரு சிக்கல் தெரியும். சிக்கல் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நேரம் அங்கே இருந்திருக்கிறார். ஒரு டீக்குச் சிறு முடிச்சு. வடையும் சேர்ந்தால் பெருமுடிச்சு.

ஐந்தாவது, பஸ்கோடு. வாட்சை நிறுத்த மறந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறியவருடையது. உலகச் சாதனைகள் பல இவ்வகையிலேயே முறியடிக்கப்படுகின்றன.

6. ஊரார் கருத்து

கோட்டின் பயன் குறித்து டீக்கடை பெஞ்சில் நடந்த விவாதம் கருதத்தக்கது. நீட்டிய போனை ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இன்னாடா இது, நெலத்து எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சா?”

“இல்ல பெரியப்பா, காலைல ஓடுனது.”

“ஓடுனதுக்கு எதுக்குடா வரைபடம்? பட்டா எதுனா மாத்தணுமா?”

சற்று யோசித்தவர், தம் கழனியையும் ஒரு சுற்று ஓடிவரச் சொன்னார். பக்கத்துக் கழனிக்காரரோடு வரப்புத் தகராறு. இங்கே எச்சரிக்கை தேவை. சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். ஒரு பக்கக் கோடு மூன்று மீட்டர் தள்ளி விழுந்தால் நாலே முக்கால் சென்ட் நிலம் கைமாறிவிடும். முந்திரிக்கும் கீழே போய் அளந்த நாட்டில் இதை ஏற்க முடியாது. சர்வேயரின் வேலையைச் சர்வேயரே செய்யட்டும்.

காவலர் தேர்வுக்கு ஓடும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும் என்பது விதி. கோடு கோணல்மாணலாக விழுந்தால், ஓடாத தூரமும் கணக்கில் சேரும். வாட்ச் 1.50 கிலோமீட்டர் காட்டும்போது உண்மையில் 1,450 மீட்டரே ஓடியிருந்தால், மீதி ஐம்பது மீட்டருக்கு அதே வேகத்தில் 14 நொடி வேண்டும். மைதானத்தில் நிற்கும் அதிகாரி வரைபடத்தைப் பார்க்க மாட்டார். தூரத்தை டேப்பு பிடித்து அளந்துகொண்டு பயிற்சி செய்வதே நலம்.

7. மறைபொருள்

2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம், உலகெங்கும் தன் செயலியில் பதிவான கோடுகளைச் சேர்த்து ஒளிரும் வரைபடமாக வெளியிட்டது. அடுத்த ஜனவரியில் அதை உற்றுப் பார்த்தவர்கள், ஆளில்லாத பாலைவனங்களில் பளிச்சென்ற வட்டங்களைக் கண்டார்கள். ராணுவ முகாம்களின் மதிலோரம் சிப்பாய்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய தடங்கள் அவை. படைகள் மறைத்ததை வாட்சுகள் சொல்லிவிட்டன.

உத்திரமேரூரில் படைமுகாம் இல்லை. ஆனால் கோடு தினமும் எந்த வாசலில் தொடங்கி எந்த வாசலில் முடிகிறது, அந்த வீட்டுக்காரர் எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை வெளியே இருக்கிறார் என்பதெல்லாம் ஸ்டேட்டஸ் பார்க்கும் எல்லோருக்கும் தெரிகிறது. இவ்வாராய்ச்சியில் விளையாட்டாகச் சொல்லாதது இது ஒன்றுதான்.

8. முடிவு

கருதுகோள் நிறுவப்பட்டது. மேற்கொண்டு ஒழுங்கு நிலவ, ஓட்ட வாரியம் ஒன்று அமைத்து, பின்வரும் விதிகளைப் பழைய முறைப்படி கல்லில் வெட்டலாம்:

பஸ்கோட்டை ஓட்டக்கோடு என்று காட்டியவர், கணக்குக் காட்டாதவருக்குச் சமம். மூன்றாண்டு ஸ்டேட்டஸ் போடக் கூடாது; அவர் மைத்துனரும் போடக் கூடாது.

டீக்கடை முடிச்சை அழிக்கக் கூடாது. வடைக்கும் கணக்கு உண்டு.

வாட்ச் கோட்டைக் காட்டி யாரும் வரப்பை நகர்த்தக் கூடாது.

கோட்டின் இரு முனையிலும், வீட்டைச் சுற்றிச் சில நூறு மீட்டரை மறைத்துவிட்டே ஊருக்குக் காட்ட வேண்டும். அந்த வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. தேடி எடுத்து இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் ஏறும் முன் வாட்சை நிறுத்தவும்.