ஓமியில் முதல் நான்கு சீட்டு: எம்பிலிப்பிட்டியப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

அதிர்ஷ்டம் ஆட்டத் தந்திரத்தை எவ்வளவு வளைக்கும் என்று அறியச் சதுரங்கம் உதவாது. அங்கே தோற்றவனுக்குச் சாக்கே கிடையாது. லூடோவும் உதவாது. பத்து முறை உருட்டியும் ஆறு விழாமல் போக 16 சதவீத வாய்ப்பு உண்டு. அவ்வளவு நேரமும் மூளைக்கு விடுமுறை. எனவே ஓமிச் சீட்டாட்டம்.

களம்: எம்பிலிப்பிட்டிய ஓட்டோத் தரிப்பிடங்கள், ரக்வானைப் பக்கத்துத் தோட்ட லயங்கள். கடதாசி ஆலை உள்ள ஊர், ஆகவே சீட்டாட்டம் செழித்தது என வாதிடலாம். ஆலை ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தபோதும் ஆட்டம் நிற்கவில்லை, வாதம் தள்ளுபடி.

ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு, நால்வர், எதிரெதிரே கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. சீட்டுப் போட்டவரின் வலப்பக்கத்தவர் அந்த நான்கை மட்டும் பார்த்துத் துரும்பு சொல்லவேண்டும். மிச்சம் பிறகுதான் வரும். சொன்ன அணி ஐந்து பிடி எடுத்தால் ஒரு புள்ளி, எதிரணி எடுத்தால் அவர்களுக்கு இரண்டு. எம்பிலிப்பிட்டிய அடங்கும் இரத்தினபுரி மாவட்டத்தாருக்கு இப்படிப் பாதி பார்த்துத் துணிவது புதிதல்ல: மாணிக்கக் குழியிலும் ‘இல்லம்’ எனும் மாணிக்கச் சரளை தட்டுமுன்பே மரம், பம்பு, கூலி எல்லாம் இறக்கியாக வேண்டும்.

அந்த நான்கில் ஒரு ஏஸ்கூட இல்லாதிருக்க 57 சதவீத வாய்ப்பு. நான்கும் நான்கு இனமாக வருவது ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒரு தடவை.

இங்கே அறிஞர் இரு கட்சி. ஒற்றை ஏஸைத் துரும்பாக்கு என்பது ஒன்று. ஏழும் எட்டுமானாலும் சோடி உள்ள இனத்தைச் சொல் என்பது மற்றது. ஒற்றைச் சீட்டு இனத்தைச் சொன்னால், சராசரியில் இரு அணிக்கும் நாலு நாலு துரும்பு. சோடியைச் சொன்னால் நமக்கு நாலரைக்குச் சற்று மேல், அவர்களுக்கு மூன்றரைக்குச் சற்றுக் கீழ். ஏஸ் தன் பாட்டில் ஒரு பிடி எடுக்கப் பார்க்கும். என் வாக்கு சோடிக்கே. ஏஸ் கட்சியினர் சத்தமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

ஆக, அறிவின் பங்கு அரைத் துரும்பு. மீதியைச் சீட்டு தீர்மானிக்கிறது, வென்றால் “எப்படிச் சொன்னேன் பார்த்தியா மச்சான்”, தோற்றால் “ஒனக்கு ஒரு சீட்டும் வரலியா?”

ஆய்வின் எல்லை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். துரும்பு சொல்லும் தருணத்தில் எதிரே இருப்பவர் தன் நான்கு சீட்டைப் பார்த்துவிட்டிருப்பார். அப்போதுதான் அவருக்கு இருமல் வரும். மேற்படி கணக்கு தொண்டைக் கோளாறற்ற கூட்டாளிகளுக்கு மட்டுமே பொருந்தும்.