அஞ்சல்வழிக் கணினி உதிரிபாக வணிகரின் மெய்ம்மை: ஓர் ஆய்வு

முகம் தெரியாத ஒருவர், நாம் தொட்டுப் பாராத ஒரு பொருளை, நம் வீட்டுக்கு அனுப்பிவைப்பார் என்று நம்பி முன்கூட்டியே பணம் கட்டுவது மனித குலத்தின் விசித்திரப் பழக்கங்களுள் ஒன்று. இதற்கு இந்திய அஞ்சல் துறை 1877இலேயே ஒரு மருந்து கண்டது. வி.பி.பி. என்ற அந்த முறையில், பொட்டலம் வாசலுக்கு வந்த பிறகு தபால்காரரிடம் காசு கொடுத்தால் போதும். ஆனால் காசு கொடுத்த பிறகுதான் பிரிக்கலாம் என்பதால் மருந்து பாதி நோயைத்தான் தீர்த்தது. தீராத மறுபாதி இன்று ரேம், ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு வணிகத்தில் செழித்து வளர்கிறது. அதை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாய்வுகளில் முதலாவது வள்ளுவருடையது. ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, ஒருவரை நம்புமுன் அறத்தாலும் பொருளாலும் இன்பத்தாலும் உயிருக்கு அஞ்சும் அச்சத்தாலும் சோதிக்கச் சொன்னார். கூரியரில் எஸ்.எஸ்.டி. அனுப்புகிறவரை இன்பத்தால் சோதிப்பது எங்ஙனம் என்பதைப் பரிமேலழகர் உள்பட உரைகாரர் எவரும் விளக்காதது இத்துறைக்குப் பேரிழப்பு. அடுத்தவர் ஜார்ஜ் அகர்லாஃப். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு மெல்ல விலகிவிடும் என்று 1970இல் எழுதினார். 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தால் கட்டுரை இன்னும் கசந்திருக்கும். மூன்றாவது, தமிழகத்தில் பெருவழக்காக உள்ள மைத்துனர் மரபு. ‘என் மச்சான் அங்கதான் வாங்கினான், நல்லாத்தான் ஓடுது’ என்பதே இம்மரபின் ஒரே நூற்பா. மச்சான் வாங்கியது மவுஸ் பேட் என்பது பின்னால்தான் தெரியவரும்.

இனி நம் ஆய்வு. முதலில் விளம்பர வாசகங்கள். ‘ஒரிஜினல்’ என்ற சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறதோ அத்தனை மடங்கு ஐயம் கொள்க. அசல் வைத்திருப்பவருக்கு அதைச் சொல்லத் தோன்றுவதில்லை. ‘லைட்டா யூஸ் பண்ணது’ என்பதற்குத் தனி வரலாறு உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற மின்நாணயம் தன்னை உருவாக்கும் முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை இரவு பகலாக அதைத் தோண்டிக்கொண்டிருந்த கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வேலை போயிற்று. அவை துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தபோது அத்தனையும் லேசாக மட்டுமே உழைத்திருந்தன.

இரண்டாவது, மதிப்புரை இலக்கியம். ‘பார்சல் வந்துவிட்டது, இன்னும் பிரிக்கவில்லை, சூப்பர்’ என்று ஐந்து நட்சத்திரம் தருவது இதன் தலையாய வகை. நுகர்வோர் போல வேடமிட்டு விற்பவரே மதிப்புரை எழுதக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் மதிப்புரைகளுக்கென்றே 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தர வரையறை வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். விருப்பம் எப்படி இருக்கிறது என்பதை வாசகர் தாமே சென்று காண்க.

மூன்றாவது கல்வெட்டியல். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 15 எழுத்து. முதல் இரண்டும் மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு, 07 என்றால் தில்லி. அடுத்த பத்தும் பான் எண். அதன் நான்காம் எழுத்து ‘பி’ என்றால் தனி ஆள், ‘சி’ என்றால் கம்பெனி. கடைசி எழுத்து முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. வாய்க்கு வந்த எண்ணை எழுதினால் பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். ஜி.எஸ்.டி. தளத்தில் இந்த எண்ணைத் தட்டினால் சட்டப்பூர்வப் பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என எல்லாம் வரும். போன மாதம் பதிவான கடை ‘கால் நூற்றாண்டு நம்பிக்கை’ என்று எழுதியிருந்தால் வியக்கலாம். 2017 ஜூலைக்கு முந்தைய பதிவு மட்டும் எவருக்கும் இராது. வரியே அன்றுதான் வந்தது.

நான்காவது வினா முறை. இதையே யான் உயர்வாகக் கருதுகிறேன். கடைக்குப் போன் போட்டு, ‘டி.டி.ஆர். 4 போர்டுல டி.டி.ஆர். 5 ரேம் போடலாமா?’ என்று கேட்க வேண்டும். போடவே முடியாது, இரண்டுக்கும் நடுவில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ‘தாராளமா போடுங்க சார், ஒரு பிரச்சினையும் வராது’ என்பவரிடம் கேபிள்கூட வாங்கலாகாது. ‘போகாது சார், உங்க போர்டு என்ன மாடல்?’ என்று கேட்பவர் சென்னை ரிச்சி தெருவில் இருந்தாலும் சரி, தில்லி நேரு பிளேஸில் இருந்தாலும் சரி, நம்பத் தக்கவர். கையில் வந்த வியாபாரத்தை ‘இல்லை’ சொல்லி இழக்கத் துணிந்தவர் அவர். நட்சத்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். இந்தத் துணிவை அப்படி வாங்க முடியாது.

ஐந்தாவது, பொருள் வந்தபின் செய்யும் சவப்பரிசோதனை. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு டெராபைட் என்று வரும் பென் டிரைவ், கணினியில் செருகியதும் ஒரு டெராபைட் என்றே சொல்லும். உள்ளே இருப்பது சிறிய சில்லு. பொய் சொல்வது அதன் கட்டுப்பாட்டு நிரல். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும், சாயம் வெளுத்துவிடும். ஹார்டு டிஸ்க்குக்கு, அது ஓடிய மணி நேரத்தைக் குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவேடு இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ‘புத்தம் புதிது’ என்று வந்த டிஸ்க் 26,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டினால், அது மூன்றாண்டு எங்கோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றது. இதை அறிந்த சிலர் அந்தப் பதிவேட்டையே அழித்துவிடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதியவை என விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகளில் அதுதான் நடந்தது. ஸ்மார்ட் கணக்கு துடைக்கப்பட்டிருந்தது. ஆனால் ‘ஃபார்ம்’ என்று சீகேட் தனியே வைத்திருக்கும் இன்னொரு கணக்கு, சித்திரகுப்தன் ஏடு போல, ஓடிய ஆயிரக்கணக்கான மணி நேரத்தையும் அப்படியே காட்டிக்கொடுத்தது.

எதிர்த்திசை ஆய்வையும் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. பொட்டலத்தைப் பிரிக்கும்போது இடைவிடாமல் வீடியோ எடுத்திருந்தால்தான் புகாரை ஏற்போம் என்று பல கடைகள் எழுதிவைக்கின்றன. ஒரு கையில் போன், மறுகையில் கத்தி. பெட்டியைப் பிடிக்கும் மூன்றாவது கை எங்கிருந்து வரும் என்பது நிபந்தனையில் இல்லை. நாம் அவரை ஆராய்வது போலவே அவரும் நம்மை ஆராய்கிறார் என்பது மட்டும் புலனாகிறது. பொட்டலத்தில் பொருளுக்குப் பதிலாக வைக்கப்படும் செங்கல் இரு திசையிலும் பயணம் செய்யக்கூடியது.

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்தால் தில்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மதுரையில் குடியிருப்பவர் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் கிடையாது. அதற்கு பில் வேண்டும். ஆகவே பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் முடியும்வரை அந்த அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.