காசு கொடுத்து ஏறிய மலை

எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் ஓய்வறையில் இமயமலை தவணைக்குத் தவணை தேய்ந்துகொண்டே வந்தது. ஆரம்பத்தில் அது அன்னபூர்ணாவாக இருந்தது. நேபாளத்தில் 5,416 மீற்றர் உயரத்தில் தொரோங் லா என்றொரு கணவாய். வழிகாட்டி முன்னே போவார், சுமைகாரர் பின்னே வருவார், ஊருக்கு ஊர் தேநீர் விடுதி. பல நாள் நடந்து, அந்தக் கணவாயில் கொடிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் புவியியல் சேர். 2022இல் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் 360ஐத் தொட்டபோது அன்னபூர்ணா ஹிமாசலப் பிரதேசமாகச் சுருங்கிற்று. அடுத்த தவணை கொடைக்கானல். அதற்கும் விமானம் ஏற வேண்டும் என்று யாரோ ஞாபகப்படுத்திய பிறகு, கணக்கு சேர் மாணவன் ஒருவனின் விடைத்தாளின் பின்பக்கத்தில் ஏதோ கூட்டிக் கழித்துவிட்டு, "ரிவர்ஸ்டன்" என்றார். "பஸ் இருக்கு."

மாத்தளைக்காரனிடம் ரிவர்ஸ்டனுக்குப் போவோமா என்று கேட்பதில் ஒரு அவமானம் இருக்கிறது. இரத்தோட்டை வழியாக சுமார் 30 கிலோமீட்டர். காலையில் சோற்றுப் பார்சலோடு போய், மத்தியானம் அதைத் தின்றுவிட்டு, சாயங்காலம் பிள்ளைகளை எண்ணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிற இடம். அதைப் பயணம் என்று மச்சான்மாரிடம் சொல்லிக்கொள்ள முடியாது.

புவியியல் சேர்தான் மானத்தைக் காப்பாற்றினார். "உயரத்தைப் பார்க்காதீங்க, தொடரைப் பாருங்க" என்றார். ரிவர்ஸ்டன் தனி மலை அல்ல; நக்கிள்ஸ் தொடரில் ஒன்று. தூரத்தில் இருந்து பார்த்த வெள்ளைக்கார நில அளவையாளர்களுக்கு அந்தச் சிகரங்கள் மடக்கிய கையின் முட்டிகளாகத் தெரிந்ததால் வந்த பெயர் அது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டின் ஒரு பங்கு. தொடரின் மிக உயர்ந்த சிகரம் கொம்பானிய, 1,906 மீற்றர். எவரெஸ்ட் அடிவார முகாமே 5,364 மீற்றர் என்று கணக்கு சேர் முணுமுணுத்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபுரம் இருக்கும் உச்சி, பிட்டவல பத்தனை, இலுக்கும்புர, மானிகல, அட்டன்வல என்று ஒரு பாதை வரைந்தாயிற்று. ஓகஸ்ட் விடுமுறை. ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டி. இரவில் கிராமத்து வீடுகளில் தங்கல். ஆளுக்கு இவ்வளவு என்று காசும் பேசியாயிற்று.

வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் அப்பாயி இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். காசு விஷயத்தில் மட்டும் நல்ல கூர்மை.

"மலைக்கா போற? என்ன வேலை?"

"வேலை இல்ல அப்பாயி. சும்மா நடக்கத்தான்."

"பேரு போடுவாங்களா?" தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.

"இல்ல. நாங்கதான் காசு கட்டணும்."

வெற்றிலையை மெல்லுவது நின்றது. எவ்வளவு என்று கேட்டார். பாதியைச் சொன்னேன். "நானுந்தான் காலம் பூரா மலை ஏறுனேன். ஒரு நாளாவது நான் காசு குடுத்திருப்பேனா? அவனுங்கதான் குடுத்தானுங்க. அதுவும் இழுத்துப் புடிச்சி." பிறகு என் மனைவியிடம் திரும்பி, "இவனைப் படிக்க வச்சது யாரு?" என்று விசாரித்தார்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ரிவர்ஸ்டன் கணவாயில் இறங்குகிறவர், பஸ்ஸின் கதவைத் திறக்கும் முன்பே தொப்பியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். எங்கள் விஞ்ஞான டீச்சரின் தொப்பி லக்கல பக்கமாகப் புறப்பட்டுப் போனது. இந்நேரம் மகாவலியைத் தாண்டியிருக்கும். மேற்கில் இருந்து வரும் காற்று, மழையை அந்தப் பக்கத்துச் சரிவில் கொட்டிவிட்டு, இந்த இடுக்கில் நெருக்குப்பட்டு வேகம் பிடித்துக் கிழக்கே இறங்குகிறது. அதனால்தான் மலைக்கு மேற்கே ஈரக்காடு, கிழக்கே சில கிலோமீட்டர் தாண்டினால் உலர்நிலம். இதைப் புவியியல் சேர் கணவாயின் நடுவிலேயே நின்று விளக்கினார் என்பதைப் பின்னர் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வாய் அசைந்தது, சொல்லெல்லாம் தொப்பி போன திசையில் போய்விட்டது. இருபது வருடப் பாடம் நடத்தலில் முதல்முறையாக இயற்கையே அவரைப் பேச விடாமல் செய்ததைக் கண்டு கணக்கு சேர் கையெடுத்துக் கும்பிட்டார்.

உச்சியில் ஒரு பிரமாண்டமான ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. தேசத்துக்கே செய்தி அனுப்பும் அதன் காலடியில் நின்று, "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்ப நாங்கள் செல்பேசியை நாலு திசையிலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். மேகம் வந்தது. கோபுரமும் காணாமல் போயிற்று.

எங்கள் வழிகாட்டி அறுபது தாண்டியவர். மடித்துக் கட்டிய சாரம், கையில் கத்தி, காலில் பாட்டா செருப்பு. அவரை "அய்யே" என்று கூப்பிட்டோம். நாங்கள் கணுக்கால் மூடிய சப்பாத்து, நீர் புகாத காற்சட்டை, இரண்டு கைக்கும் ஊன்றுகோல் என்று பனிச்சரிவுக்கு ஆயத்தமாகி வந்திருந்தோம். அவர் எங்களை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அய்யேயிடம் தூரம் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டே பதில். "லங்கய்" என்றால் பக்கம்தான். "தவ டிக்காய்" என்றால் இன்னும் கொஞ்சம். கணக்கு சேர் கைக்கடிகாரத்தோடு ஆராய்ந்து, லங்கய் என்பது ஏறத்தாழ 2 கிலோமீட்டர் என்றும், தவ டிக்காய்க்கு மேல் எல்லை கிடையாது என்றும் முடிவுக்கு வந்தார். ஊர்ப்புறச் சிங்களவர்களிடம் பழைய அளவை ஒன்று உண்டு: ஒருவர் "ஹூ" என்று கூவினால் எவ்வளவு தூரம் கேட்குமோ அதுதான் ஒரு ஹூ. தங்கப்போகும் வீடு எத்தனை ஹூ என்று கேட்டேன். அய்யே கூவிக் காட்டினார். பள்ளத்தாக்கின் அடியில் இருந்து பதில் கூவல் வந்தது. அரை மணிக்குள் போய்விடலாம் என்று நம்பினேன். பொழுது சாய்ந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். குரலுக்கு வளைந்து வளைந்து இறங்க வேண்டிய அவசியம் இல்லை.

அட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் நக்கிள்ஸைப் பற்றி எழுத முடியாது. காலுறையில் சவர்க்காரம் தேய்த்தோம். சித்தாலேப பூசினோம். விஞ்ஞான டீச்சர் உப்புப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதை மத்தியானம் வெள்ளரிக்காயோடு தின்றுவிட்டோம். அட்டை நம் காலடி அதிர்வையும் உடல் சூட்டையும் மூச்சுக்காற்றையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறது, கடிக்கும்போது இரத்தம் உறையாதிருக்க ஒரு பொருளைக் கலந்துவிடுகிறது என்று டீச்சர் விளக்கிக்கொண்டே வந்தார். அந்நேரம் அவர் கழுத்தில் ஒன்று ஏறிக்கொண்டிருந்ததைப் பாடத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதன் விஞ்ஞானப் பெயர் ஹீமாடிப்சா சீலானிக்கா என்பதையும் அவரே சொன்னார். சீலானிக்கா என்றால் இலங்கையைச் சேர்ந்தது. என் தாத்தா இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுத் தேயிலைக்கு முதுகு வளைத்தும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரஜாவுரிமை இழந்தார். எங்கள் ஆட்கள் எல்லாருக்குமாக விஷயம் தீர 2003 வரை ஆயிற்று. அட்டைக்கோ அடையாள அட்டையே தேவைப்படவில்லை. இரத்தத்தைக் கொடுத்தவனைவிட உறிஞ்சியவனுக்குத்தான் பதிவு சுலபம் போல.

பிட்டவல பத்தனை ஒரு வினோதமான புல்வெளி. பாறைத் தட்டின்மேல் விரல்கடை மண். அதில் கணுக்கால் உயரப் புல். நடந்துகொண்டே போனால் திடீரென நிலம் முடிந்துவிடும். சின்ன உலக முடிவு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த விளிம்பில் நாங்கள் நால்வரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். அய்யே விளிம்புக்கு இரண்டடி தள்ளிப் படுத்து ஒரு தூக்கம் போட்டார். சேர எல்லவில் நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் இருக்கும் குகைக்குள் போய் நின்றோம். நனைந்தோம். அவ்வளவுதான்.

இலுக்கும்புரவில் தங்கிய வீட்டில் குரக்கன் ரொட்டியும் கட்டசம்பலும், வெறுந்தேத்தண்ணிக்குக் கித்துள் கருப்பட்டியும் கிடைத்தன. கருப்பட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிக்கும்போது அன்னபூர்ணாவின் தேநீர் விடுதிகளை யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்கார அம்மா எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மாத்தளை என்றோம். "மாத்தளைக்குத்தானே பஸ் போகுது?" என்றார். ஆமாம் என்றோம். பஸ் பழுதாகிவிட்டதா என்று அக்கறையோடு கேட்டார். அவர் காலத்தில் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி இரத்தோட்டைக்கு நடந்த சொந்தக்காரர்கள் பலர். இந்தக் காடுகளில் ஏலக்காய்ச் செய்கை கொடிகட்டிப் பறந்த காலம் அது. 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்த பின் ஏலக்காய்க்காரர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பஸ் வந்த நாளன்று நடையை விட்டவர்கள் அந்தச் சொந்தக்காரர்கள். பஸ் இருக்கும்போதே நடக்க வந்தவர்களை அந்த அம்மாவால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

அன்று இரவு கால் வலியில் தூக்கம் வரவில்லை. அப்பாயி சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது முழு உண்மை இல்லை. வழிகாட்டியோடு பல நாள் நடை என்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் சுமார் 150 மைல் காட்டு வழி நடந்துதான் மாத்தளைக்கு வந்தார்கள். வழிகாட்டி கங்காணி. தங்குமிடம் மரத்தடி. காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட இடம்தான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வழியில் தின்ற சோறு, படகுக் கூலி, முன்பணம் எல்லாம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறிற்று. தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடன் எழுதிய துண்டும் கூடவே வரும். ஆக எங்கள் வம்சத்தில் காசு கொடுத்து நடந்த முதல் ஆள் நானில்லை. பாட்டன் கட்டியதற்கு ரசீதுதான் கிடைக்கவில்லை.

2023 ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் இருந்து அதே வழியில் மலையக மக்கள் நடந்து வந்தார்கள். அந்த வருகையின் 200 வருட நினைவாக. ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் அவர்களை வரவேற்ற கூட்டத்தில் நானும் நின்றேன். சர்பத் கொடுத்தேன். நடப்பதற்கு அப்போது எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருந்தேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம், இப்போது எதற்கு அதெல்லாம்.

மறுநாள் மானிகல. பாதி ஏற்றத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். தோட்டத்துச் சட்டப்படி பாதி மலையில் கூடையை இறக்கியவனுக்கு அரைப் பேர். அய்யே அதெல்லாம் பார்க்கவில்லை. என் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஊன்றுகோல்களை மட்டும் மரியாதையாக என்னிடமே விட்டுவைத்தார். மேலே போனதும் படிப்படியாக இறங்கும் அட்டன்வலப் பக்கத்து வயல்களைக் காட்டி, அதோ அந்தப் பச்சைக்குள்தான் இன்றைய சோறு என்றார். லங்கய்.

ஒருவழியாக பஸ் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அடுத்த பயணம் எங்கே என்று அய்யே கேட்டார். புவியியல் சேர் கொஞ்சமும் கூசாமல் "எவரெஸ்ட்" என்றார். அதற்கு எவ்வளவு செலவாகும் என்று அய்யேக்குத் தொழில்முறையில் தெரிய வேண்டியிருந்தது. வசந்த காலத்தில் உச்சிக்கு ஏற அனுமதிக்கு மட்டும் வெளிநாட்டவர் 15,000 டொலர் கட்ட வேண்டும், 2025 செப்டெம்பர் வரை 11,000ஆக இருந்தது என்று கணக்கு சேர் சொல்லி, அதை ரூபாயிலும் பெருக்கிக் காட்டினார். அய்யே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருக்குக் கட்டுவது?"

"நேபாள அரசாங்கத்துக்கு."

"நல்ல காடா?"

மரமே கிடையாது, பனிதான் என்றார் புவியியல் சேர்.

"அருவி?"

உறைந்து போயிருக்கும்.

"ஊர், வயல்?"

உச்சியில் ஒன்றும் கிடையாது.

"அட்டையாவது உண்டா?"

அந்தக் குளிரில் அட்டை பிழைக்காது என்றார் விஞ்ஞான டீச்சர். அய்யே வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அட்டைகூட இல்லாத மலைக்கு எதற்கு அவ்வளவு காசு?" என்றார்.

பஸ் வரும் சத்தம் கேட்டது. இரண்டு நாளாக வழிகாட்டிக் கூலியில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று எங்களிடம் இரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு சேர், பேசிய தொகையை முழுசாக எண்ணி அய்யேயின் கையில் வைத்தார்.