தொழுவத்தில் ஒரு பெயர், தட்டில் ஒரு பெயர்

கேள்வி: ஆங்கிலத்தில் செம்மறிக்கு ஷீப், அதன் கறிக்கு மட்டன். மாட்டுக்குக் கௌ, கறிக்கு பீஃப். எதற்கு இந்த இரட்டைப் பெயர்?

பதில்: மேய்த்தவன் ஒருவன், தின்றவன் இன்னொருவன்! 1066-இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையிலும் விருந்து மேசையிலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. சாணி அள்ளிய குடியானவன் வாயில் பழைய ஆங்கிலமே இருந்தது. அவன் கட்டி வளர்த்த ஷீப், அடுப்படியைத் தாண்டியதும் மட்டன் ஆகிவிட்டது. வளர்த்தவனுக்கு ஒரு துண்டாவது கிடைத்ததா என்றுதான் என் மனம் கேட்கிறது. வால்டர் ஸ்காட் 1819-இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவலில் பன்றி மேய்ப்பவனும் கோமாளியும் இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் நடந்த மாற்றமல்ல. பல நூற்றாண்டுகள் இருவகைச் சொற்களும் கலந்தே புழங்கின. பிரெஞ்சுக்காரருக்கோ ஆட்டுக்கும் கறிக்கும் இன்றும் ஒரே சொல்தான்.

கோழியோ தப்பித்தது: கூவினாலும் சிக்கன், குழம்பில் கொதித்தாலும் சிக்கன்.

ஞாயிற்றுக்கிழமை நம்மூர்க் கடையில் "அரைக்கிலோ மட்டன், நெஞ்செலும்பா போடுங்கண்ணே" என்று வாங்குகிறோமே, அது பெரும்பாலும் வெள்ளாடு. ஆங்கிலேயர் கறிக்கடையில் அதே சொல்லுக்குச் செம்மறிதான் வரும்.